விலாசத்தின் கடைசி வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலம் உலகமொழியாகப் பரவி வருவது தமிழுக்குக் கேடா, நன்மையா என்பது குறித்துத் தங்கள் வாசகர் பகுதியில் சில வாரங்களாக வெளிவரும் கடிதங்களை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். ஆங்கிலத்தால் தமிழ் அழிந்தே போகும் என்று ஒரு சாராரும், ஆங்கிலம் இல்லாத வீட்டில் அடுப்பில் பூனைதான் தூங்கும் என்று மற்றொரு சாராரும் எழுதியிருக்கிறார்கள். நான் மொழியறிஞன் அல்லன். 1974ஆம் ஆண்டில் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பணியாற்றி, 2012இல் ஓய்வு பெற்றவன். 38 ஆண்டுகள் இந்த இரண்டு மொழிகளையும் ஒரே மேசையில், பல நேரங்களில் ஒரே உறையின் மேல், அருகருகே பார்த்தவன் என்ற தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மறக்க நினைத்தும் மறக்க முடியாத ஒரு தந்தியிலிருந்து தொடங்குகிறேன். தந்திச் சேவை 2013 ஜூலை மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், முகப்பில் தந்திச் சேவகர் வந்து நின்றாலே வீட்டுப் பெண்கள் தலையில் கைவைத்து அழத் தொடங்கிய காலத்தை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். தந்தி ரோமன் எழுத்தில் வரும். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால் சுருக்கமாக வரும். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வரும். நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு நண்பகலில், 'பாதர் எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று நான்கே சொற்களில் வந்த செய்தியை நானே தாளில் எழுதி, உறையிலிட்டுச் சேவகரிடம் கொடுத்தனுப்பினேன். அவருக்கும் ஆங்கிலம் தெரியாது, பெற்றுக்கொண்ட அம்மாளுக்கும் தெரியாது. அடுத்த வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். முதல் சொல்லும் கடைசி இரண்டு சொற்களும் அவனுக்குத் தெரிந்தவை. இடையில் நின்ற, இறந்துவிட்டார் என்று பொருள்படும் ஒரு சொல் மட்டும் அவன் பாடப்புத்தகத்தில் அதுவரை வரவில்லை. "அப்பச்சி ஒங்கள ஒடனே பொறப்பட்டு வரச் சொல்றாக ஆச்சி" என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாள் தகப்பனாருக்குப் பிடிக்குமென்று மாவுருண்டை பிடித்து, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, மாலைப் பேருந்தில் தேவகோட்டைக்குப் போனார்.

இந்தச் செய்தி மறுநாள்தான் என் காதுக்கு வந்தது. அதன் பிறகு என் கையால் போன ஒவ்வொரு தந்தியின் ஓரத்திலும் அதன் பொருளைத் தமிழில் பென்சிலால் எழுதி அனுப்பினேன். அதற்கு விதிப்புத்தகத்தில் இடமிருக்கிறதா என்று நான் பார்க்கவும் இல்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. அந்தத் தந்தி ஆங்கிலத்தில் வந்ததை இன்றைக்கும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன். எங்கோ ஓர் ஊரில் விசையைத் தட்டுகிற எழுத்தருக்கும், இங்கே அதைக் கேட்டு எழுதுகிற எனக்கும் பொதுவான எழுத்து ஒன்று வேண்டியிருந்தது. குறை என்னுடையது. வீட்டு வாசல் வரை வந்துவிட்ட செய்தியைப் படியேற்றி உள்ளே விடவேண்டிய கடைசி வேலை தமிழுக்குரியது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இதை இன்னும் தெளிவாக எனக்குக் கற்றுக்கொடுத்தவை மலேயாவிலிருந்து வந்த கடிதங்கள். பினாங்கிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்கள் அனுப்பிய உறைகளில் ஆள் பெயர், தெரு, ஊர், இராமநாதபுரம் மாவட்டம் (அப்போது சிவகங்கை தனி மாவட்டமாகவில்லை) எல்லாம் நல்ல தமிழில் இருக்கும். கடைசி வரியில் மட்டும் 'சவுத் இந்தியா' என்று ஆங்கிலம் இருக்கும். விவரம் தெரியாதவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தபால் பிரிக்கிறவனுக்குத்தான் அதிலுள்ள ஒழுங்கு புரியும். நாங்கள் விலாசத்தைக் கீழிருந்து மேலாகப் படிப்போம். பினாங்கில் பிரிப்பவருக்குக் கடைசி வரி போதும். சென்னையில் பிரிப்பவருக்கு அதற்கு மேல்வரி வேண்டும். எங்களூர்த் தபால்காரருக்குத் தெருவும் வீட்டுப் பெயரும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தேவையான வரி அவரவருக்குத் தெரிந்த மொழியில் இருந்தால் கடிதம் தவறாமல் போய்ச் சேரும். முழு விலாசத்தையும் ஆங்கிலத்தில் எழுதிய உறைகள்தாம் எங்களைத் திண்டாட வைத்தன. கானாடுகாத்தானைத் தமிழில் ஒரே விதமாகத்தான் எழுத முடியும். ஆங்கிலத்தில் அதை எத்தனை விதமாக எழுதலாம் என்பதற்கு நானே சாட்சி. 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண்ணை அறிமுகப்படுத்திய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்களும் ஒரே ஊருக்குப் பல எழுத்துகளும் உள்ள நாட்டில், எந்த மொழிக்காரருக்கும் விளங்கும் ஆறு எண்களைக் கொண்டுவந்தவர் ஒரு கவிஞர் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

ஆங்கிலம் என்றைக்கும் இப்படியே உலகை ஆளும் என்று எழுதிய அன்பருக்கு ஒரு சிறு தகவல். வெளிநாட்டு விமானத் தபாலில் நாங்கள் ஒட்டிய நீலச் சீட்டில் 'பார் அவியோன்' என்றிருக்கும்; அது பிரெஞ்சு. 1874இல் பெர்ன் நகரில் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஆட்சிமொழி இன்றும் பிரெஞ்சுதான். ஆங்கிலத்தை அலுவல் மொழியாக அங்கே சேர்த்ததே 1994இல்தான். ஒரு காலத்தில் தூதர்களும் அரசர்களும் பேசிய உலகமொழி, இப்போது எங்கள் நீலச் சீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் பரவியதற்கு அந்த மொழியின் இனிமையோ இலக்கணமோ காரணமில்லை. முதலில் பிரிட்டனின் கப்பலும் துப்பாக்கியும், பிறகு அமெரிக்காவின் பணமும், அதன் பின் விமானம், அறிவியல் இதழ், கணினி என்று ஒன்றன் தோளில் ஒன்றாக ஏறி வந்தது. இன்று அதை அறிந்தவர்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேர் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் நான்கில் ஒருவர் அளவே. ஆகவே நம் பிள்ளை நாளைக்கு ஆங்கிலம் பேசப்போவது வெள்ளைக்காரரோடு என்பதைவிட, ஒரு வியட்நாமியரோடோ பிரேசில்காரரோடோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதற்கு அவன் இலண்டன் நாக்கை இரவல் வாங்க வேண்டியதில்லை.

செட்டிநாட்டில் விலாசம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போனவர்கள் நடத்திய கடையின் பெயரையும், குடும்பத்தின் முன்னெழுத்துகளையும் விலாசம் என்றே சொல்வோம். இரங்கூன் மொகல் தெருவில் வட்டிக்கடை வைத்தவர்கள் ஆங்கிலேயர் வங்கியில் கடன் வாங்கிய பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. வழக்கு நடந்த நீதிமன்றத்தின் மொழியும் ஆங்கிலமே. கடன் வாங்க வந்த குடியானவரோடு பேசியது பர்மிய மொழி. ஆனால் கடைக்குள் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் எழுதிய குறிப்பும் பேரேடும் ஐந்தொகையும் தமிழ். மாகாணி, காணி, முந்திரி என்று இறங்கிக்கொண்டே போகும் பின்னங்களில் வட்டிக் கணக்கு நடந்தது. (அந்த வட்டியால் பர்மியக் குடியானவர்கள் பட்ட பாட்டை மூடி மறைத்துப் பெருமை பேச நான் வரவில்லை, மொழி நடந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.) உலகத்தோடு வணிகம் செய்ய வேண்டுமென்றால் கணக்கையே ஆங்கிலத்துக்கு மாற்றியாக வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பிறமொழி தீண்டாமலும் அவர்கள் இருக்கவில்லை. பொங்கலன்று நாம் விரும்பி உண்ணும் கவுணி அரிசியும், அதன் பெயரும் பர்மாவிலிருந்து வந்தவை.

ஒரே ஊரில் இரண்டும் செழிக்க முடியாது என்பவர்கள் காரைக்குடிக்கு வந்து பார்க்கலாம். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவுக்குத் திருவிழாக்கூட்டம் கூடிய அதே ஊரில்தான், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. அழகப்பர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அங்கே ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதால் கம்பன் விழாவில் ஒரு பாட்டும் குறைந்துவிடவில்லை. பக்கத்தில் கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும், அவர் மறைந்த பின் 1994இல் விலைக்கு வாங்கிச் சென்னையில் நூலகமாக்க உதவியது சிகாகோ பல்கலைக்கழகம். ஆங்கிலத்தில் இயங்கும் ஒரு நிறுவனம் வந்து நம் தமிழ்ச் சுவடுகளைக் கரையானிடமிருந்து காக்க வேண்டியிருந்தது என்பதைத் தமிழ் அழிகிறதே என்று மாரடித்துக்கொள்கிற நண்பர்கள் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. விலாசத்தின் கடைசி வரியில் இருக்கவேண்டிய மொழி இப்போது மெல்ல மெல்ல மேலேறி, தெருப் பெயரையும் வீட்டுப் பெயரையும் தாண்டி, ஆள் பெயர் வரை வந்துவிட்டது. எங்கள் பகுதியில் தகப்பனார் பழனியப்பன் என்றால் முன்னெழுத்து 'பழ.', கருப்பன் என்றால் 'கரு.', சிதம்பரம் என்றால் 'சித.'. அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தபோதுகூட அதை விட்டுக்கொடுக்காமல் 'பி.எல்.', 'கே.ஆர்.', 'சி.டி.' என்று இரண்டிரண்டு எழுத்தாகவே எழுதினார்கள். இப்போது இணையப் படிவம் ஒரே எழுத்தைத்தான் கேட்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு ஒரு சான்றிதழில் 'பி', இன்னொன்றில் 'பி.எல்.' என்று பதிவாகி, இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கித் தர ஆறு மாதம் அலைந்தார். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது நல்லதே. ஆனால் கணினித் திரை அந்த ஆணையைப் படித்ததாகத் தெரியவில்லை.

சென்ற மாதம் உறவினர்களோடு, பயணிகளுக்குக் காட்டப்படும் ஒரு பெரிய வீட்டுக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் அனைவரும் தமிழர்கள். சுற்றிக்காட்டிய தம்பி பக்கத்து ஊர்க்காரர். வெளிநாட்டவரிடம் தங்குதடையின்றி ஆங்கிலம் பேசுகிறவர் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் அவர் எங்களிடமும் "இது மெயின் கோர்ட்யார்ட், அது செகண்ட் கோர்ட்யார்ட், அது டைனிங் ஏரியா" என்றே சொல்லிக்கொண்டு போனார். "வளவு, ரெண்டாங்கட்டு என்று சொல்லலாமே தம்பி" என்றேன். "மனப்பாடம் பண்ணினதே அப்படித்தாங்கய்யா, தமிழ்ல சொல்ல வரமாட்டேங்குது" என்றார் கூச்சத்தோடு. அவர் வயிற்றுப்பாட்டுக்கு ஆங்கிலம் உதவுவதை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த வளவில் பிறந்து வளர்ந்தவர்கள் அதற்கு வைத்த பெயரை அந்த வீட்டுக்குள்ளேயே கேட்க முடியவில்லை. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படியே இருக்கின்றன.

வங்கிக்கும் மருத்துவமனைக்கும் வருகிறேன். வங்கிப் படிவங்களும் கணக்குப் புத்தகமும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வெகுநாட்களாக அறிவுறுத்தி வருகிறது. ஆனால் எங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களின் கைப்பேசிக்கு வரும் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. பணம் வந்திருக்கிறதா, பிடித்துக்கொண்டார்களா, ஏமாற்றுக்காரன் அனுப்பியதா என்று கேட்டு மாதத்துக்கு நான்கைந்து பேராவது என் திண்ணைக்கு வருகிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனை கொடுத்தனுப்பிய சீட்டில் 'டி.டி.எஸ்.' என்றிருந்ததை மருந்தின் பெயர் என்று நினைத்துக் கடை கடையாகத் தேடினார் ஒருவர். நாளைக்கு மூன்று வேளை என்பதற்கான இலத்தீன் சுருக்கம் அது. அதாவது, ஆங்கிலமே இன்னும் விரட்டி முடிக்காத ஒரு பழைய உலகமொழி, பள்ளத்தூர் மருந்துக்கடை வரை வந்து நிற்கிறது. மூன்று வேளை என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்துவிட்டன. அரிசி ஆலையில் கூலி வேலை செய்துகொண்டு மகளை ஆங்கிலவழியில் சேர்க்கிற தாயைக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழாது. நல்ல வேலை எந்த மொழிக்குப் பின்னால் இருக்கிறதோ அந்த மொழிக்கு முன்னால்தான் வரிசை நிற்கும். நான் மறுப்பது, ஆங்கிலவழியில் படித்தால்தான் ஆங்கிலம் வரும் என்ற நம்பிக்கையை. கணக்கையும் அறிவியலையும் புரியாத மொழியில் உருப்போட வைப்பது வேறு, ஆங்கிலத்தை ஒரு மொழியாகப் பேசவும் எழுதவும் கற்றுக்கொடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்ய நல்ல ஆசிரியர் வேண்டும். முதலாவதற்குப் பலகையை மாற்றினால் போதும் என்பதால் அதுவே எங்கும் நடக்கிறது. தமிழுக்குப் பின்னாலும் வேலை இருந்தால் வரிசை தானாக நிற்கும். நான் பணியாற்றிய அஞ்சல் துறையிலேயே, 2019 ஜூலையில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடத்தப்பட்ட தேர்வு, நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்புக்குப் பின் இரத்து செய்யப்பட்டு, தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் நடத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுத் தெருவில் தபால் கொடுக்கிறவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பதைப் போராடி நிலைநாட்ட வேண்டியிருந்தது.

ஆகவே, ஆங்கிலத்தை எதிர்ப்பதா ஏற்பதா என்று நடக்கும் வழக்கை ஒத்திவைத்துவிட்டு, வாடிக்கையாளர் கேட்டால் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வங்கிகளைக் கட்டாயப்படுத்துவது, மருந்துச் சீட்டில் வேளையையும் அளவையும் தமிழில் எழுதச் செய்வது, அரசின் இணையப் படிவங்களில் 'பழ.' என்று எழுதுகிறவரை 'பழ.' என்றே ஏற்பது ஆகிய சிறு வேலைகளில் அரசு இறங்க வேண்டுமென்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கோபிக்காவிட்டால் தங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. தங்கள் நாளிதழின் கல்வி மலரில் 'கேம்பஸ் இன்டர்வியூவில் சக்சஸ்' என்று தமிழ் எழுத்தில் வந்த தலைப்பைப் படித்துப் பொருள் கேட்டவர்களும் என் திண்ணைக்கு வந்தவர்களுள் உண்டு.

கடைசியாக வந்தவர் என் பக்கத்து வீட்டு ஆச்சி. 78 வயது. தங்கள் நாளிதழை முதல் பக்கம் தொடங்கி நினைவஞ்சலி வரை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து முடித்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். சென்னையில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன் வயிற்றுப் பேத்தியிடமிருந்து அவருக்கு ஓர் அஞ்சலட்டை வந்திருந்தது. தாத்தா பாட்டிக்கு அட்டை எழுதிப் போடும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். விலாசம், குறியீட்டு எண், உள்ளே எழுதிய ஏழு வரி எல்லாம் பிழையற்ற ஆங்கிலம். நான் பொருள் சொன்னேன். "அது சரி தம்பி, பிள்ளை சொன்ன மாதிரியே வாசிங்க, கேக்கணும்" என்றார். பிள்ளை சொன்ன மாதிரி என்றால் அது ஆங்கிலம் ஆச்சி என்றேன். சற்று நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் 50 காசு அட்டை ஒன்றில் தம் கைப்படத் தமிழில் நெருக்கி நெருக்கிப் பதில் எழுதிக் கொண்டுவந்து, விலாசத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிவிட்டு, பழைய பழக்கத்தில் பென்சிலை எடுத்து, பேத்திக்குப் புரியும்படி ஓரத்தில் ஆங்கிலத்தில் பொருள் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி, அவ ஆத்தாளுக்குப் படிக்கத் தெரியும், மடியில வச்சுப் படிச்சுக் காட்டட்டும்" என்று அட்டையை வாங்கிக்கொண்டு, தபால் பெட்டியில் தாமே போடுவதாகச் சொல்லிப் போனார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.